முகம் பார்க்கும் மீன்

 

ஒரு சகோதரி எழுதிய மடல் என் முன்னால் இருக்கிறது. "எங்கள் கூடத்து அலமாரியின் மேல் ஒன்றரை அடி இடம் இருக்கிறது. அங்கே செடிகள் வைத்து ஒரு சிறிய மீன் தொட்டி அமைக்க விரும்புகிறோம். சும்மா சுற்றிச் சுற்றி வரும் மீன்கள் வேண்டாமாம். தங்களைப் பார்த்து அடையாளம் கண்டுகொள்ளும் மீன்தான் வேண்டுமாம். பிள்ளைகளின் பிடிவாதம் இது. அப்படிப்பட்ட மீன் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்.

உண்டு, சகோதரி! ஆனால் அந்தக் குணத்தைக் கடையிலிருந்து பையில் கட்டி வாங்கி வர முடியாது. மீனைத்தான் வாங்கலாம். அதன் குணம் வெளிப்படுவதும் மறைந்துபோவதும் நாம் அமைத்துத் தரும் வீட்டைப் பொறுத்தது. இதை நான் ஏட்டில் படித்துக் கற்கவில்லை, இழந்து கற்றேன்.

மீனுக்கும் குணம் உண்டா?

மீன் என்றால் மறதி, மீன் என்றால் மந்தம் என்று நாம் நினைத்து வந்திருக்கிறோம். ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 1992ஆம் ஆண்டு லீ டுகாட்கின் என்னும் அமெரிக்க ஆய்வாளர், நாம் சாதாரணமாக வளர்க்கும் கப்பி மீன்களைத் துணிச்சல் உள்ளவை, நடுத்தரமானவை, அச்சம் உள்ளவை என மூன்று வகையாகப் பிரித்தார். பின்பு அவற்றைக் கொன்று தின்னும் பெரிய மீனோடு ஒரே தொட்டியில் விட்டார். 60 மணி நேரம் கழிந்தபோது துணிச்சல்காரர்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அச்சமுள்ளவற்றில் 40 விழுக்காடு உயிரோடு இருந்தன. ஒரே இனம், ஒரே அளவு. ஆயினும் குணம் வேறு!

2016ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு, குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் வில்லாளி மீன்களைச் சோதித்தார்கள். வாயால் நீரைப் பீய்ச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் மீன் அது. பழகிய ஒரு மனித முகத்தின் படத்தை, புதிய 44 முகங்களுக்கு நடுவிலும் அது இனம் கண்டு அதன்மீது நீரைப் பீய்ச்சியது. வில்லாளி மீன் நம் சிறிய தொட்டிக்கு ஏற்றதன்று. ஆனால் மீன் நம் முகத்தைப் பார்க்கிறது என்று பிள்ளைகள் சொல்வது வெறும் கற்பனை அன்று என்பதற்கு இது ஒரு சான்று.

என் வீட்டில் நடந்தது

2009ஆம் ஆண்டு. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஒன்றரை அடித் தொட்டி ஒன்றை வாங்கி வந்தேன். குழாய் நீரை நிரப்பினேன். அன்று இரவே ஐந்து வகையில் பன்னிரண்டு மீன்களை விட்டேன். வண்ணம் வண்ணமாக அவை நீந்தியபோது வீடே கூடி நின்று பார்த்தது. மகள் பன்னிரண்டுக்கும் பெயர் வைத்தாள்.

மூன்றாம் நாள் ஒன்று மிதந்தது. ஐந்தாம் நாள் நான்கு. ஒன்பதாம் நாள் மூன்றே மூன்று எஞ்சியிருந்தன. அவையும் மூலையில் பதுங்கி, துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு மூச்சு வாங்கின. கடையில் துள்ளிய அதே மீன்கள்! பிறகு மகள் தொட்டியின் அருகே அமர்வதை விட்டுவிட்டாள். ஒரு நாள் என்னிடம் வந்து, "வாப்பா, அதுங்களுக்கு நாம பேர் வச்சிருக்கக் கூடாது" என்றாள். அந்தச் சொல் இன்றும் என் காதில் இருக்கிறது.

மீன்கள் ஏன் இறந்தன? நோயால் அன்று, என் அவசரத்தால். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது. அது நஞ்சு. பழகிய தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு கேடு குறைந்த நைட்ரேட்டாக்குகின்றன. புதிய தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். நானோ நான்கு மணி நேரம்கூடப் பொறுக்கவில்லை. போதாக்குறைக்குக் குழாய் நீரில் குளோரின் வேறு.

முதலில் வீடு, பிறகு குடித்தனம்

எனவே முதலில் மீனை மறந்துவிடுங்கள். 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உயரமும் கொண்ட தொட்டி சுமார் 40 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ. மணலும் கண்ணாடியும் வேறு. உங்கள் அலமாரி அதைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். வெயில் நேராக விழும் சன்னல் ஓரம் வேண்டாம். நீர் கொதிக்கும், பாசி படரும்.

மணலிட்டு, வாலிஸ்னேரியா போன்ற எளிய செடிகளை நடுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ஆகியவற்றை மண்ணில் புதைக்க வேண்டாம். அவற்றின் தண்டு அழுகும். ஒரு மரத்துண்டிலோ கல்லிலோ நூலால் கட்டினால் போதும். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் விளக்கு. காற்று மோட்டாரில் இயங்கும் சிறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர். குழாய் நீருக்குக் கடைகளில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டு மருந்து. தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவை வெறும் தொட்டியில் போட்டு வாருங்கள். அது மக்கி நுண்ணுயிர்களுக்கு இரையாகும். சோதனைப் பெட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று காட்டும் நாளில்தான் உங்கள் வீடு குடிபுகத் தயார்.

அந்த ஆறு வாரமும் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். செடி வளர்வதைப் பார்க்கச் சொல்லுங்கள். காத்திருக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைதான் கவனித்துப் பார்க்கவும் கற்றுக்கொள்ளும்.

ஒருவருக்கே மாளிகை

இப்போது தேர்வுக்கு வருவோம். சிறிய தொட்டியில் பத்து வகை மீன்களை விட்டால் நமக்குத் தெரிவது கூட்டம், முகம் தெரியாது. ஒரு மீனைத் தலைவனாக்கி, அதற்கென்றே வீட்டை அமைத்தால் அதன் முகம் தெரியும். அச்சமின்றித் தனக்கென ஓர் இடம் உள்ள மீன்தான் தன் குணத்தைக் காட்டும்.

முதலில் நம்மூர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும் ஃபைட்டர் மீன். தாய்லாந்து 2019ஆம் ஆண்டு இதைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. அங்கே நெல்வயல்களிலும் சதுப்புகளிலும் செடிகளுக்கிடையே வாழும் இனம் இது. தலைக்குள் உள்ள தனி உறுப்பால் மேற்பரப்புக் காற்றையும் சுவாசிக்கும். அதனால்தான் கடைக்காரர் அதைச் சிறு கண்ணாடிக் குப்பியில் அடைத்து வைக்க முடிகிறது. உயிர் தாங்குவது வேறு, வாழ்வது வேறு அல்லவா? செடிகள் நிறைந்த தொட்டியில் விட்டுப் பாருங்கள். தன் எல்லையைச் சுற்றி வரும். இலைமேல் சாய்ந்து ஓய்வெடுக்கும். உணவு தரும் கை எது என்று சில நாட்களிலேயே அறிந்து முன்கண்ணாடிக்கு ஓடி வரும். ஆண் மீன் நீர்ப்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டும். நீண்ட துடுப்பு அழகானது. ஆனால் அந்தச் சுமை அதற்குக் களைப்பு. குட்டைத் துடுப்புள்ள பிளக்காட் வகை சுறுசுறுப்பானது. இரண்டு ஆண்களை ஒருபோதும் சேர்க்காதீர்கள். வேடிக்கைக்காகக் கண்ணாடியைக் காட்டிச் சீண்டவும் வேண்டாம். அது நமக்கு விளையாட்டு, அதற்குப் போர்.

சாந்தமான மீன் வேண்டுமா? ஹனி கௌராமி. கங்கை, பிரம்மபுத்திரா ஆற்றுப் படுகைகளில் பிறந்த நம் நாட்டு மீன். இரண்டு அங்குலம் வளரும். இதன் வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் நூல் போல நீண்டிருக்கும். பார்வையற்றவர் விரல்களால் தடவி அறிவது போல, அவற்றால் செடியையும் கல்லையும் பக்கத்து மீனையும் தொட்டுத் தொட்டு அறிந்துகொள்ளும். ஒரு சோடி போதும். இணை தேடும் காலத்தில் ஆண் மீன் தேன் நிறமாகிக் கழுத்து கறுக்கும்.

பொறுமைசாலிகளுக்கு ஸ்கார்லெட் பேடிஸ். வடக்கு வங்காளத்திலும் அசாமிலும் உள்ள ஓடைகளைச் சேர்ந்தது. ஆண் மீன் ஓர் அங்குலம்கூட இராது. உடலில் செந்நிறப் பட்டைகள். புலி பதுங்குவது போல இலைக்கு இலை ஊர்ந்து இரை பிடிக்கும். ஆனால் உலர் உணவைப் பெரும்பாலும் ஏற்காது. ஆர்ட்டீமியாக் குஞ்சு, டாஃப்னியா போன்ற உயிருணவு தர இயலுமா என்று எண்ணிப் பார்த்தே வாங்க வேண்டும்.

எல்லாரும் ஆசைப்படும் இன்னொன்று பீ பஃபர். கேரளத்து ஆறுகளைச் சேர்ந்த ஓர் அங்குல மீன். இரு கண்களையும் தனித்தனியே உருட்டி நம்மை ஆராய்வதைக் கண்டால் மனம் பறிபோகும். ஆயினும் அழகிய முகத்துக்குப் பின்னால் கூரிய பல் உண்டு! பிற மீன்களின் துடுப்பைக் கடிக்கும். எனவே வேற்றினத்தோடு சேர்த்தல் கூடாது. நத்தையும் புழுவும் தின்னும். உலர் உணவைத் தொடாது. மேலும் இயற்கையில் இது குறைந்து வருகிறது; அழியும் வாய்ப்புள்ள இனமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கடைகளுக்கு வருபவற்றில் பெரும்பகுதி ஆறுகளில் பிடிக்கப்பட்டவை. வளர்ப்பிடத்தில் பொரித்தது என்று உறுதியானால் மட்டுமே வாங்குங்கள்.

ஐந்தாவதாக, யாரும் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். ஸ்பைக்டெயில் பாரடைஸ் என்னும் மீன் தமிழகம், கேரளம், இலங்கை ஆகிய இடங்களின் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழ்கிறது. ஃபைட்டருக்கு உறவு, அதைப் போலவே குமிழிக் கூடு கட்டும். நிறம் அடக்கமானது. ஆனால் பழகினால் நாகரிகமான விருந்தாளி.

வேண்டாதவை

தங்கமீனும் கோயும் ஏஞ்சலும் சக்கர் மீனும் குட்டியாக இருக்கும்போது சிறு தொட்டிக்கு அழகுதான். வளர்ந்த பின் அவற்றுக்கு அது சிறை. அப்போது பலர் அவற்றைக் குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். இந்தத் தவறு வேண்டவே வேண்டாம். சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலைகளை நிறைத்து, உள்ளூர் மீன்களுக்கு இடைஞ்சலாகிவிட்டது. நியான் டெட்ரா போன்றவை குறைந்தது ஆறாகச் சேர்ந்தால்தான் அச்சமின்றி இருக்கும். அவற்றின் அழகு கூட்டத்தில், தனி முகத்தில் அன்று.

கடையில் நிற்கும்போது

சென்னையில் இருப்போருக்குக் கொளத்தூர்ச் சந்தை இருக்கிறது. மற்ற ஊர்களிலும் நல்ல கடைகள் உண்டு. எங்கே போனாலும் அவசரப்படாதீர்கள். இறந்த மீன் மிதக்கும் தொட்டியிலிருந்து எதையும் எடுக்காதீர்கள். உடலில் வெண்புள்ளி, ஒடுங்கிய துடுப்பு, உட்குழிந்த வயிறு இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் கண்முன்னே உணவிடச் சொல்லுங்கள். தின்கிறதா என்று பாருங்கள். விரலைக் கண்ணாடியருகே மெல்ல நகர்த்துங்கள். ஓடி ஒளியாமல் திரும்பிப் பார்க்கும் மீனே உங்களுக்குரியது.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவு. வாரம் ஒரு வாளி, அதாவது பத்து லிட்டர் நீரை மாற்றுங்கள். தொட்டிக்கு மூடி வேண்டும். ஃபைட்டர் துள்ளி வெளியே விழும். ஆனால் நீருக்கும் மூடிக்கும் இடையே காற்றுக்கு இடம் விடுங்கள்.

மீண்டும் அந்தத் தொட்டி

அன்று எஞ்சிய மூன்று மீன்களை நண்பர் ஒருவரின் பழகிய தொட்டிக்கு அனுப்பினேன். எங்கள் தொட்டி ஆறு வாரம் செடிகளோடு மட்டும் இருந்தது. பிறகு நீல நிறத்தில் ஒரே ஒரு ஃபைட்டர் வந்தது. மகள் முதல் வாரம் அதன் பக்கமே போகவில்லை. ஒரு நாள் காலை பள்ளிக்குக் கிளம்பும்போது, அவள் கூடத்தைக் கடந்து நடக்க, மீனும் கண்ணாடியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அவளோடு வந்தது. அவள் திரும்பி நடந்தாள், அதுவும் திரும்பியது. அன்று மாலை அதற்கு சுல்தான் என்று பெயர் வைத்தாள்.

சுல்தான் எங்களோடு இரண்டரை ஆண்டுகள் இருந்தது. கடைசி மாதங்களில் நிறம் மங்கி, இலைமேலேயே சாய்ந்து கிடந்தது. ஆயினும் மகள் வந்தால் தலையை அவள் பக்கம் திருப்பும். அது இறந்தபோது அதைக் கொல்லையில் மாதுளைச் செடியின் அடியில் புதைத்தோம். மகள் அழுதாள். கை கழுவிக்கொண்டே, "பேர் வச்சது நல்லதாப் போச்சு, வாப்பா" என்றாள்.

சகோதரி, உங்கள் பிள்ளைகள் கேட்ட மீன் உண்டு. ஆறு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். பிறகு ஒன்றை மட்டும் வாங்கி வாருங்கள். பெயரை அவர்களே வைக்கட்டும்.

வஸ்ஸலாம்.