இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?

செமஸ்டர் லீவுல நீங்கள்லாம் ஊட்டி, கொடைக்கானல்னு கிளம்பியிருப்பீங்க. நான் எங்கே போனேன் தெரியுமா? அப்பாகூட வீடு பார்க்க!

கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளம் தாண்டி ஓர் இடம். அப்பா அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகிறார். பி.எஃப். பணம் மொத்தத்தையும் போட்டு, கடல் காத்து வாங்குற மாதிரி ஒரு வீடு வாங்கணும்னு அவருக்கு ரொம்ப நாள் ஆசை. பொய் சொல்வானேன், எனக்கும்தான். கையில் கொடுத்த நோட்டீஸில் ‘பசுமை வில்லா’ என்று போட்டு, தென்னை மரம், புல்தரை, ஊஞ்சல்... பார்க்கவே சூப்பர்! பக்கத்து இடத்தில் நாலு மாடி அபார்ட்மென்ட் ஒன்று எழும்பிக்கொண்டு இருந்தது. “அதெல்லாம் கான்க்ரீட் காடு சார். நம்மளுதுதான் இயற்கை” என்றார் சைட் காட்ட வந்தவர். நானும் தலையாட்டினேன். மூணு வருஷம் சிவில் படிச்ச மூளை அப்போ லீவில் இருந்தது!

திரும்பும் வழியில் ஒரு டீக்கடை. பாட்டி கேன் தண்ணியை ஊற்றி டீ போட்டார். “கிணறு இல்லையா பாட்டி?” என்றேன்.

“இருக்கு கண்ணு. முன்னெல்லாம் இனிக்கும். இப்போ அந்தத் தண்ணியில பருப்பே வேக மாட்டேங்குது.”

அந்த ஒரு வரிதான் ராத்திரி என்னை நோட்டும் கால்குலேட்டருமா உட்கார வெச்சது.

கடலோர மணலுக்கு அடியில் நல்ல தண்ணி எப்படி இருக்குன்னு நினைக்கிறீங்க? உப்புத் தண்ணி மேலே மிதக்குது பாஸ்! கடல் நீர் சுமார் 2.5 சதவிகிதம் கனம் அதிகம். அதனால, கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணி 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும். இதுக்கு கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதின்னு பேர். கேட்க ஜாலியா இருக்குல்ல? அப்படியே திருப்பிப் போடுங்க. நீர்மட்டம் 1 அடி இறங்கினால், கீழேயிருந்து உப்பு 40 அடி வரை மேலேறும். ஒரே நாளில் இல்லை, மெதுவாத்தான். ஆனா, ஏறின உப்பு லேசுல இறங்காது. அதைத் தடுத்து நிறுத்துறது மணலுக்குள்ள இறங்குற மழை மட்டும்தான்.

ஸோ, கேள்வி இதுதான். எந்த டிசைன் மழையை மண்ணுக்குள்ள விடும்? வாங்க, கணக்குப் போடுவோம்.

3 ஏக்கர் மணல். அதாவது சுமார் 1,30,000 சதுர அடி. 40 குடும்பம்.

டிசைன் 1: 40 வில்லா, ஆளுக்கு ஒரு கிரவுண்டு. வீடு, போர்ட்டிகோ, டைல்ஸ் போட்ட முற்றம் எல்லாம் சேர்த்து வீட்டுக்கு 1,800 சதுர அடி மூடிடும். கூடவே ரோடு 24,000. ஆக மொத்தம் 96,000 சதுர அடி, கிட்டத்தட்ட 73 சதவிகிதம் மூடியாச்சு!

டிசைன் 2: அதே 40 குடும்பத்துக்கு ஒரே அபார்ட்மென்ட். கார் நிறுத்தக் கீழ்த்தளம், அதுக்கு மேலே நாலு மாடி. கட்டடமும் வண்டிப் பாதையும் சேர்த்து 30,000 சதுர அடி. வெறும் 23 சதவிகிதம்.

10 சென்டிமீட்டர் மழை பெய்தால் இந்த 3 ஏக்கரில் விழுவது 12 லட்சம் லிட்டர். கான்க்ரீட்டில் விழுவதில் 90 சதவிகிதமும், மணலில் விழுவதில் 10 சதவிகிதமும் வழிந்து ஓடும்னு வெச்சுக்கலாம். வில்லாவில் வீணாய் ஓடுவது சுமார் 8.3 லட்சம் லிட்டர். அபார்ட்மென்ட்டில் 3.4 லட்சம். வித்தியாசம், 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் 40 லோடு. ஒரே ஒரு மழையில்!

‘இயற்கை’ன்னு சொன்னது தோத்துப்போச்சு. ‘கான்க்ரீட் காடு’ ஜெயிச்சிடுச்சு. அப்பாவை எழுப்பிச் சொல்லலாம்னு எழுந்தேன். அப்போதான் பொறி தட்டியது.

மீதி மணலை எந்த பில்டர் சும்மா விடுவார்?

டிசைன் 3: அதே 3 ஏக்கரில் அதே மாதிரி நாலு கட்டடம், 160 குடும்பம். இப்போ 92 சதவிகிதம் மூடியாச்சு. வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர்னா, தினமும் 86,400 லிட்டர் தண்ணி வேணும். வில்லாவுக்கு 21,600 போதும். கார்ப்பரேஷன் குழாய் வராத இடத்தில் அவ்வளவும் அந்த மணலுக்கு அடியிலிருந்துதான் வரணும்.

இங்கேதான் ஒரு ட்விஸ்ட். ‘ஒரு வீட்டுக்கு எவ்வளவு பாதிப்பு?’ன்னு கேட்டா, டிசைன் 3-கூட வில்லாவைவிட நல்லது. 160 வில்லா கட்ட 12 ஏக்கர் வேணுமே! ஆனா, ‘இந்தக் கிணத்துக்கு எவ்வளவு பாதிப்பு?’ன்னு கேட்டா, அதுதான் படுமோசம். உப்பு ஏறுறது ஊர் சராசரியைப் பார்த்து இல்லை, பாட்டியின் கிணற்றைப் பார்த்துத்தான். அதனால, நெருக்கமா கட்டுற வீடு குழாய்த் தண்ணியும் பாதாளச் சாக்கடையும் இருக்குற ஊருக்குள்ள வரட்டும். கடலோர மணல் மணலாவே இருக்கட்டும்.

‘மழைநீர் சேகரிப்பு 2003-லயே கட்டாயமாச்சே?’ன்னு கேட்பீங்க. ஒழுங்கா பராமரிச்சா, வழிந்தோடுறதுல நல்ல பங்கைத் திருப்பி மண்ணுக்குள்ள விடலாம். ஆனா, அது போர்வெல் உறிஞ்சுறதை நிறுத்தாது. செப்டிக் டேங்க் கசிவையும் நிறுத்தாது. 40 வில்லாவுக்கு 40 போர், 40 செப்டிக் டேங்க். எல்லாம் ஒரே மணல்ல!

இன்னொருத்தரும் இருக்கார். ஜனவரியிலேர்ந்து ராத்திரி முட்டையிட வர்ற பங்குனி ஆமை. குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடலைத் தேடும். ‘கடல் பார்த்த பால்கனி’யில் ராத்திரி பூரா லைட் எரிஞ்சா, குஞ்சு கடலுக்கு முதுகைக் காட்டி வீட்டுப் பக்கம் நடக்கும். 1988-லிருந்து சென்னை ஸ்டூடன்ட்ஸ் நீலாங்கரை, பெசன்ட் நகர் பக்கமெல்லாம் ராத்திரி நடந்து அந்த முட்டைகளைக் காப்பாத்திட்டு இருக்காங்க. நம்ம செட்டுதான்! டிசைன் எதுவா இருந்தாலும், மணல்மேட்டை விட்டுத் தள்ளிக் கட்டினாத்தான் அவங்க நடந்ததுக்கு அர்த்தம். ஆனா, கிராமக் கடற்கரையில் 200 மீட்டர் கட்டக் கூடாதுன்னு இருந்த 2011 விதியை, 2019 ஜனவரியில் வந்த அறிவிக்கை மக்கள் நெருக்கமான கிராமங்களுக்கு 50 மீட்டர்னு குறைச்சிடுச்சு.

காலையில் அப்பா நோட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம் போனை எடுத்தார். “தம்பி, மொத்தம் எத்தனை வீடு? எவ்வளவு மண்ணைத் திறந்து விடுவீங்க? தண்ணி எங்கேர்ந்து, சாக்கடை எங்கே போகும்?”

முதல் ரெண்டு கேள்விக்கும் ‘விசாரிச்சுச் சொல்றேன்’. கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில் வந்துச்சு. “தண்ணிக்குக் கவலைப்படாதீங்க சார், லாரி வந்துடும்!”

அப்பா நோட்டீஸை மடிச்சு என் கையில் கொடுத்தார். “ஆசைப்பட்டேன் பாப்பா” என்றார். அவ்வளவுதான். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. கணக்கு சரி, ஆனா அந்த ஊஞ்சல் அவருக்காகத்தானே?

உங்க வீட்டிலும் ஒருநாள் அந்த மாதிரி நோட்டீஸ் வரும் ஃப்ரெண்ட்ஸ். தென்னை மரத்தை எண்ணாதீங்க. அந்த மூணு கேள்வியைக் கேளுங்க. அப்படியே பக்கத்து டீக்கடையில் நாலாவதா ஒண்ணு... “பாட்டி, இந்தத் தண்ணியில பருப்பு வேகுமா?”

அடுத்த வாரம் பார்ப்போம்!