படம் எடுத்தவருக்கு 15 காசு. கடைக்காரருக்கு 85 காசு!

பச்சைப் பசேல் என்று ஒரு மேடு. மேலே நீல வானம். வானத்தில் வெள்ளை மேகங்கள்.

கம்ப்யூட்டரில் கை வைத்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். 2001-ம் ஆண்டில் வெளிவந்த ‘விண்டோஸ் எக்ஸ்.பி.’யின் முகப்புப் படம் இதுதான்.

ஓவியர் யாரோ வரைந்தது என்று பலர் நினைத்தார்கள். அப்படி அல்ல. இது உண்மையான இடம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், சொனோமா என்ற வட்டாரத்தில் இருக்கிறது. 1996-ம் ஆண்டு ஜனவரி மாதம் சார்லஸ் ஓ'ரியர் என்ற போட்டோகிராபர் அந்த வழியாகக் காரில் போனார். காட்சி கண்ணைப் பறித்தது. காரை நிறுத்தினார். படம் எடுத்தார். போய்விட்டார்.

படங்களை விற்கும் ஒரு கம்பெனியில் அந்தப் படம் கிடந்தது. மைக்ரோசாப்ட் கம்பெனி அதைப் பார்த்தது. முழு உரிமையையும் விலை கொடுத்து வாங்கியது. எவ்வளவு பணம்? அதை வெளியே சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம்!

இப்படிப்பட்ட அதிர்ஷ்டம் ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட அடிப்பது இல்லை. மற்ற படக்காரர்களின் கதி என்ன? அதைத்தான் யோசிக்க வேண்டும்.

இணையத்தில் படக்கடை

இன்று கேமரா இல்லாத வீடு இல்லை. செல்போனிலேயே கேமரா இருக்கிறது. “படம் எடுத்து இணையத்தில் போட்டால் வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்கலாம்” என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். அது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

இந்த வியாபாரம் எப்படி நடக்கிறது?

இணையத்தில் படக்கடைகள் இருக்கின்றன. போட்டோகிராபர் தன் படங்களை அங்கே அனுப்பி வைக்கிறார். படத்தில் என்ன இருக்கிறது என்று சில சொற்களும் எழுதிக் கொடுக்கிறார். “கிழவி, கை, மாவு, ஆட்டுக்கல்” என்பது போல. விளம்பரக்காரர்கள், பத்திரிகைக்காரர்கள், புத்தகம் அச்சிடுகிறவர்கள் அந்தச் சொற்களை வைத்துத் தேடுவார்கள். பிடித்த படத்தைப் பணம் கட்டி எடுத்துக் கொள்வார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு போட்டோகிராபருக்கு வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாங்குகிறவருக்குப் படம் சொந்தம் ஆகிவிடாது. அதைப் பயன்படுத்த அனுமதிதான் கிடைக்கிறது. அது வீட்டை வாடகைக்கு விடுவது போல. வீடு வீட்டுக்காரருடையதுதான். ஆகவே ஒரே படத்தை நூறு பேருக்கு, ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். வேறு கடையிலும் வைக்கலாம். ‘இந்தக் கடைக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுத்திருந்தால்தான் அது முடியாது.

விலை இறங்கிய கதை

முன்பெல்லாம் இப்படி ஒரு படத்தை வாங்கப் பெரிய தொகை கொடுக்க வேண்டும். 2000-ம் ஆண்டில் கனடாவில் ‘ஐஸ்டாக்போட்டோ’ என்ற கம்பெனி ஆரம்பம் ஆயிற்று. முதலில் அங்கே படங்களை இலவசமாகப் பரிமாறிக் கொண்டார்கள். பிறகு மிகக் குறைந்த விலைக்கு விற்றார்கள். கூட்டம் அலைமோதியது. 2006-ம் ஆண்டில் ‘கெட்டி இமேஜஸ்’ என்ற பெரிய கம்பெனி அதை 5 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது.

2003-ம் ஆண்டில் நியூயார்க்கில் ஜான் ஒரிங்கர் என்பவர் ‘ஷட்டர்ஸ்டாக்’ என்ற கடையைத் திறந்தார். முதல் சரக்கு அவரே எடுத்த 30 ஆயிரம் படங்கள்! ‘மாதச் சந்தா கட்டுங்கள். வேண்டிய படங்களை எடுத்துக் கொள்ளுங்கள்’ என்றார். வியாபாரம் பெருகியது. உலகம் எங்கும் இருந்து போட்டோகிராபர்கள் படங்களை அனுப்பினார்கள்.

வாங்குகிறவருக்கு லாபம். கடைக்காரருக்கு லாபம். படம் எடுத்தவருக்கு?

சந்தாக்காரர் ஒருவர் படத்தை எடுத்தால், எடுத்தவருக்கு 25 சென்ட் முதல் 38 சென்ட் வரை கிடைத்து வந்தது. (ஒரு டாலருக்கு 100 சென்ட்.) 2020-ம் ஆண்டு ஜூன் மாதம் ஷட்டர்ஸ்டாக் இந்தக் கணக்கை மாற்றியது. இனி 15 சதவீதம் முதல் 40 சதவீதம் வரைதான் பங்கு என்றது. ஆண்டில் முதல் 100 படங்கள் விற்கும் வரை 15 சதவீதம். 25 ஆயிரம் படங்களுக்கு மேல் விற்றால்தான் 40 சதவீதம். ஒரு படத்துக்குக் கிடைக்கும் கூலி 10 சென்ட் வரை இறங்கலாம்.

இதோடு விடவில்லை. ஜனவரி முதல் தேதி பிறந்தால், எல்லோரும் மறுபடியும் அடிப்படியில் இருந்து ஏற வேண்டும்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 சென்ட் கூலி என்றால் 100 பேர் எடுத்தால் 25 டாலர். 10 சென்ட் என்றால் 10 டாலர். உழைப்பு அதே உழைப்பு. படம் அதே படம். பல போட்டோகிராபர்கள் கொதித்து எழுந்தார்கள். தங்கள் படங்களைக் கடையில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஆனாலும் திட்டம் மாறவில்லை.

இதே தொழிலைச் செய்யும் ‘அடோபி’ கம்பெனியின் படக்கடை, போட்டோவுக்கு 33 சதவீதம் கொடுக்கிறது. அவர்களால் முடிகிறது. மற்றவர்களால் ஏன் முடியாது?

கடை வைத்திருப்பவருக்கும் செலவு உண்டு. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ரூபாய்க்கு 85 காசைக் கடைக்காரர் எடுத்துக்கொண்டு, 15 காசைப் படைத்தவர் கையில் வைப்பது என்ன நியாயம்?

கடைகள் ஒன்று சேர்ந்தால்?

கெட்டி இமேஜசும் ஷட்டர்ஸ்டாக்கும் ஒன்றாகச் சேரப்போவதாக 2025-ம் ஆண்டு ஜனவரியில் அறிவித்தன. சந்தையில் பெரிய கடைகள் குறைந்தால் சரக்குக் கொண்டு வருகிறவர் பேரம் பேச முடியாது. எந்த விவசாயியைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

இன்னொரு போட்டியும் வந்திருக்கிறது. ‘செயற்கை அறிவு’ என்ற கம்ப்யூட்டர் வித்தை, சொன்ன மாத்திரத்தில் படத்தை உண்டாக்கித் தருகிறது. அது எதைப் பார்த்துக் கற்றுக்கொண்டது? மனிதர்கள் எடுத்த கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துத்தான்! அப்படிக் கற்பிக்கப் பயன்பட்ட படங்களுக்குத் தனி நிதியில் இருந்து பங்கு தருவதாக ஷட்டர்ஸ்டாக் 2022-ம் ஆண்டில் அறிவித்தது. பங்கு தர வேண்டும் என்று ஒப்புக்கொண்டது நல்லது. அந்தப் பங்கு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது படம் எடுத்தவருக்குப் புரியும்படி இருக்க வேண்டும்.

கல்யாணப் படம் யாருக்குச் சொந்தம்?

உரிமை விஷயத்தில் போட்டோகிராபர்களும் குடும்பங்களும் சட்டத்தைத் தெரிந்து கொள்வது நல்லது.

இந்தியாவில் 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. அதன்படி, தானாக விரும்பி எடுத்த படம் எடுத்தவருக்கே சொந்தம். 2012-ம் ஆண்டில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அந்த உரிமை அவர் ஆயுள் முழுவதும் இருக்கும். அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு காலம் வாரிசுகளுக்கு இருக்கும். வீடு, நிலம் போல இதுவும் ஒரு சொத்து!

ஆனால் ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவருக்கே சொந்தம். ஆகவே கல்யாண வீட்டில் கூலி வாங்கிக்கொண்டு எடுத்த மணப்பெண் படத்தை, அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் இணையத்தில் விற்கக்கூடாது.

ஆளின் முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்கு விற்க வேண்டுமானால், அவர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதத்தைப் படக்கடைகள் கேட்கின்றன. குழந்தையாக இருந்தால் தாய் அல்லது தந்தை கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்க்காமல் பெற்றோர் கையெழுத்துப் போடக்கூடாது.

தன் படத்துக்குத் தானே பணம்!

உரிமையை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள்.

கரோல் ஹைஸ்மித் என்ற பெண்மணி புகழ்பெற்ற போட்டோகிராபர். தான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை, மக்கள் எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குக் கொடுத்தார். பிறகு ஒரு நாள் அவருக்கே ஒரு கடிதம் வந்தது. ‘இந்தப் படத்தை அனுமதி இல்லாமல் பயன்படுத்துகிறீர்கள். 120 டாலர் கட்டுங்கள்’ என்றது கடிதம். அது அவரே எடுத்த படம்!

அவர் 2016-ம் ஆண்டில் படக் கம்பெனிகள் மீது 100 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். ஆனால் உரிமையைப் பொதுவில் விட்டுவிட்டவர் என்பதால், முக்கியமான கோரிக்கை கோர்ட்டில் நிற்கவில்லை.

தர்மம் செய்வது உயர்ந்த குணம். ஆனால் பிழைப்புக்காகப் படம் எடுக்கிறவர், எதைக் கொடுக்கிறோம், எதை வைத்துக் கொள்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

செய்ய வேண்டியது என்ன?

புதிதாக இறங்குகிறவர்கள் கடன் வாங்கி விலை உயர்ந்த கேமரா வாங்க வேண்டாம். கையில் உள்ளதை வைத்து ஆரம்பிக்கலாம். இருக்கும் வேலையையும் விட்டுவிடக்கூடாது. சூரியன் மறையும் காட்சிகள் கடையில் மலை போலக் குவிந்து கிடக்கின்றன. தறி நெய்யும் கை, உப்பளத்தில் உழைக்கும் பெண், இலையில் பரிமாறிய சாப்பாடு என்று அருகில் இருந்து எடுக்கும் படங்களுக்கு மதிப்பு உண்டு.

ஒரே கடையை நம்பி இருக்கக்கூடாது. சொந்தமாக ஒரு இணையப் பக்கம் வைத்து, பெரிதாக அச்சிட்ட படங்களை நேராக விற்கலாம். நடுவில் ஆள் இல்லாவிட்டால் பங்கும் இல்லை.

‘படம் விற்றுத் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று யாராவது கேட்டால் உஷார்! மேலே சொன்ன பெரிய கடைகளில் படம் வைக்கக் கட்டணம் கிடையாது.

கம்பெனிகளுக்கும் ஒரு கடமை இருக்கிறது. பங்கு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதை நினைத்தபோது குறைக்கக்கூடாது. இதற்கு மேல் இறங்காது என்று நியாயமான ஒரு கூலியை நிர்ணயிக்க வேண்டும். போட்டோகிராபர்கள் ஒன்றுபட்டுக் கேட்டால்தான் இது நடக்கும்.

கடை இல்லாமலும் படம் விற்கலாம். படம் இல்லாமல் கடை நடக்காது. இதைக் கடைக்காரர்கள் மறந்திருக்கலாம். படம் எடுக்கிறவர்கள் மறக்கக்கூடாது.