பாபநாசத்துப் பருத்தி



பட்டு, கம்பளி, தோல் எதுவும் வேண்டாம், செடி தந்த துணி போதும் என்று கேட்டு வாங்கும் பிள்ளைகள் இன்று வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். பட்டு நூலுக்காகக் கூட்டுப்புழுவை உயிரோடு வேகவைப்பதை அவர்கள் மனம் ஏற்கவில்லை. எனக்கு அது மகிழ்ச்சியே. அவர்களை ஆனி, ஆடியில் ஒருமுறை, பருத்தி வந்து குவியும் தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அழைத்து வாருங்கள்.

நெல்லுக்குப் பெயர்போன இந்த மண்ணில், சம்பா, தாளடி அறுத்த வயலிலேயே மாசி, பங்குனியில் பருத்தி ஊன்றுகிறார்கள். நெல் தரிசுப் பருத்தி என்று பெயர். நெல்லைப் போல வயல் நிறையத் தண்ணீர் கட்ட வேண்டாம். பஞ்சு எடுப்பது பெரும்பாலும் பெண்கள்தான். வெடித்த காயின் ஓடு காய்ந்து முள்ளாக நிற்கும். வெயிலில் குனிந்து எடுக்கும்போது விரலெல்லாம் கீறிவிடும். அந்தப் பஞ்சு மூட்டை மூட்டையாக வந்து மறைமுக ஏலத்துக்குக் காத்திருக்கும். வியாபாரிகள் மூட்டைக்குள் கைவிட்டுப் பஞ்சை இழுத்துப் பார்ப்பார்கள். ஒருவர் போட்ட விலை அடுத்தவருக்குத் தெரியாது. முதல் நாள் மழை பெய்திருந்தால் போச்சு, ஈரப்பதம் என்று விலை சரிந்துவிடும்.

பருத்தியிலும் குறை உண்டு. காய்ப்புழுவுக்கும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கும் மருந்தடித்தே விவசாயி ஓய்ந்துபோகிறார். மருந்து குறையாத வரை, செடியிலிருந்து வந்தது என்பதற்காக மட்டும் ஒரு துணியைச் சுத்தமானது என்று சொல்ல மாட்டேன்.

வாழை நாருக்கு அந்தத் தொல்லை குறைவு. தார் வெட்டியதும் நாம் சாய்த்துத் தள்ளுகிற மரத்தின் மட்டையில்தான் நார் இருக்கிறது. இதற்கென்று தனி நிலமோ நீரோ வேண்டாம். சென்னையை அடுத்த அனகாபுத்தூர் நெசவாளர்கள் அதில் சேலையே நெய்கிறார்கள். ஜப்பானின் ஒகினாவா தீவில் கிஜோகா ஊரார் வாழைநார்த் துணி நெய்யும் கலையை அந்நாட்டு அரசு 1974-ல் தன் முக்கிய அருவப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. வாழைநார் விறைப்பானது என்பதால் பாவில் (நீளவாக்கு நூலில்) பருத்தியோ பட்டோ போட்டு, ஊடையில் (குறுக்கு நூலில்) மட்டும் நாரைச் சேர்ப்பதும் உண்டு. ஆகவே கடையில் பாவு என்ன நூல், ஊடை என்ன நூல் என்று கேட்டு வாங்குங்கள்.

பருத்தி போட்டிருக்கும் வாசகர்களே, இந்த ஆண்டு ஏலத்தில் உங்களுக்குக் கிடைத்த விலையையும் மருந்துக்கு ஆன செலவையும் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்