உச்சி வெயிலுக்கு எதற்கு ஜன்னல்?

பெருமாநல்லூரைச் சுற்றிப் புதிதாக எழும்பும் வீடுகளில் ஒரு ஆசை தொற்றிக்கொண்டிருக்கிறது. ஹாலுக்கு நடுவே கான்கிரீட்டைத் திறந்து விட்டு, நாலுக்கு நாலு, ஆறுக்கு ஆறு என்று கண்ணாடியைப் போட்டு மூடுகிறார்கள். ஸ்கைலைட்டாம். புதுமனைக்குப் போகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்து, "அடடா, வெளிச்சம்!" என்று சொல்லிப்போட்டு மொய் வைத்துவிட்டு வருகிறோம். அந்த வீட்டில் சித்திரை மாதம் குடியிருக்கப் போவது நாம் இல்லையே.

நம் ஊருக்கு இது ஆகாது. கூரை வழியே வெளிச்சமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மட்டமாகப் படுக்க வைத்த, திறக்க முடியாத, அகலக் கண்ணாடி வேண்டாம் என்கிறேன்.

காரணம் சூரியன் போகிற பாதை. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் சூரியன் நேராக உச்சந்தலைக்கு மேல் நிற்கும். ஏப்ரல் 20 மதியம் சுமார் 12.20-க்கு மொட்டை மாடியில் ஒரு குச்சியை நட்டுப் பாருங்கள். நிழலே இருக்காது. கொண்டத்துக்காளியம்மன் குண்டம் முடிந்த கையோடு வருகிற அந்த வெயிலைத்தான் கண்ணாடி வைத்து வீட்டுக்குள் அழைக்கிறோம்.

இந்தக் கூரை ஜன்னல் குளிர் நாடுகளின் சமாச்சாரம். டென்மார்க்கில் வில்லும் கான் ராஸ்முசன் என்பவர் 1940-களில் இதைத் தொழிலாகவே செய்தார். வெலக்ஸ் என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான். கோபன்ஹேகனில் ஜூன் மாத நண்பகலில்கூட சூரியன் 58 டிகிரிக்கு மேல் ஏறாது. டிசம்பரில் 11 டிகிரி. வெயிலுக்கு ஏங்குகிறவர்கள் கூரையைத் திறந்து வைப்பது நியாயம். இன்னொன்றும் கவனியுங்கள். வெலக்ஸ் என்ற பெயரில் முதல் பாதி காற்றோட்டம், மறுபாதி வெளிச்சம். திறந்து மூடுகிற ஜன்னல் அது. நாம் காற்றை விட்டுவிட்டோம், கண்ணாடியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கணக்கும் பார்த்துவிடலாம். தெளிந்த வானத்தில் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட். நாலுக்கு நாலு அடி என்றால் ஏறக்குறைய ஒன்றரை சதுர மீட்டர். சாதாரணக் கண்ணாடி அதில் ஐந்தில் நாலு பங்கை உள்ளே விட்டுவிடும். ஆக 1200 வாட். இஸ்திரிப் பெட்டியை ஹாலில் போட்டு அணைக்காமல் வைத்தது போல. ஒரு டன் ஏ.சி. வெளியேற்றும் சூடு 3500 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தக் கண்ணாடியோடு மல்லுக்கட்டவே போய்விடும். "பகலில் லைட் போட வேண்டாம், கரண்ட் மிச்சம்" என்கிறார்கள். மிச்சமாவது 9 வாட் எல்.இ.டி. பல்பு!

கலர் கண்ணாடி, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடி போட்டால் சூடு குறையும் என்று பதில் வரும். குறையும், உண்மைதான். வெளிச்சமும் சேர்ந்தே குறையும். கண்ணாடியைத் திறந்து, பிறகு அதை மறைக்கக் காசு செலவழிப்பது என்ன சிக்கனம்?

எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். பிளானில் கையெழுத்துப் போடுகிறவர் காலை எட்டரைக்குக் கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறார். மதியம் ஒரு மணிக்கு அந்த ஹாலில் இருப்பது யார்? வயதான அப்பா, அம்மா, கைக்குழந்தை, பீஸ் மடித்துக்கொண்டிருக்கும் பெண்கள். பகலில் ஏ.சி. போட்டால் பில் ஏறும் என்று அவர்கள் போடுவதும் இல்லை. அவர்களைக் கேட்டா கண்ணாடி போட்டார்கள்?

நம் பெரியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்தது. மங்களூர் ஓடு வேய்ந்த வீட்டில் சமையலறைக்கு மேல் ஒரே ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். அரிசியில் கல் பொறுக்க அது போதும். சூடு ஓட்டுச் சந்துகள் வழியே ஏறிப் போய்விடும். தொட்டிக்கட்டு வீட்டின் முற்றம் மேலே திறந்தே கிடந்தது. அதனால்தான் திண்ணை குளிர்ந்தது. இன்று அந்த முற்றத்தையும் பாலிகார்பனேட் ஷீட்டால் மூடி, சூடு வெளியேறும் வழியை அடைக்கிறார்கள். சில வருஷத்தில் ஷீட் மஞ்சளடித்து, வெளிச்சமும் போகிறது.

பழைய நூல் மில்களின் ரம்பப்பல் கூரை ஞாபகம் இருக்கிறதா? சரிவுப் பக்கம் ஓடு, செங்குத்துப் பக்கம் கண்ணாடி, அதுவும் வடக்கு நோக்கி. வெளிச்சம் வரும், வெயில் வராது. பனியன் துணிக்கு ஷேடு பார்த்தவர்களுக்கும் தெரியும்: நேர் வெயிலில் கலர் ஏமாற்றும், வடக்கு வெளிச்சம் ஏமாற்றாது.

வீட்டுக்கும் அதுவே வழி. ஹாலின் ஒரு பகுதிக் கூரையை இரண்டடி உயர்த்துங்கள். வடக்குச் சுவரில் திறந்து மூடும் ஜன்னல் வையுங்கள். ஜூனில் சூரியன் கொஞ்சம் வடக்கே சாயும். ஒரு அடி சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். மேலே ஏறும் சூடு அந்த வழியாகவே வெளியேறும். அதற்கு வசதியில்லை என்றால், மாடிப்படி ஹெட்ரூமின் வடக்குச் சுவரில் பெரிய ஜன்னல் போடுங்கள், போதும்.

படுக்கைக் கண்ணாடிதான் வேண்டும் என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றால், அளவு ஒரு அடிக்கு ஒரு அடியைத் தாண்டவேண்டாம். லேமினேட்டட் கண்ணாடியாக இருக்கட்டும். உடைந்தாலும் நடுவிலுள்ள படலம் சில்லுகளைப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் அரை அடி கட்டைச் சுவர் எழுப்பி, கண்ணாடியைச் சாய்வாக வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழைக்கு ஹாலில் வாளி வைக்கவேண்டி வரும்.

இஞ்சினியர் பிளானை நீட்டும்போது, நம்மைப் போன்ற பெரியவர்கள் வாயைத் திறக்கவேண்டும். "சித்திரை மதியம் இந்த இடத்தில் நான் கட்டில் போட்டுப் படுக்க முடியுங்களா?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், அந்த ஓட்டையைப் பிளானிலேயே அடைத்துவிடச் சொல்லுங்கள்.