புக்கி இல்லாமலும் ஆட்டம் விலைபோகும்

மேட்ச் பிக்சிங் என்றதும் நம் மனம் புக்கியைத்தான் தேடுகிறது. 2000-இல் தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே, 2013-இல் ஐபிஎல் என்று கிரிக்கெட் நமக்குப் பழக்கிவிட்ட பார்வை அது. பந்தயப் பணம்தான் நோய் என்பதில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. பந்தயத்தை அடியோடு தடைசெய் என்பவர்களும், சட்டபூர்வமாக்கிக் கண்காணி என்பவர்களும் மருந்தைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லாதது அந்த நோய்க்கணிப்பில்தான். வீரர் தோற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஒரு சூதாடி வந்தாக வேண்டியதில்லை. ஓர் ஆட்டத்தின் முடிவு ஒருவருக்கு உயிர்ப் பிரச்சினையாகவும் எதிராளிக்கு ஒன்றுமே இல்லாததாகவும் இருக்கும்படி போட்டியை அமைத்துவிட்டால், பேரம் உள்ளேயே முளைத்துவிடும்.

ஜப்பானின் சுமோ இதற்கு நல்ல சாட்சி. மேல் இரண்டு பிரிவுகளிலும் ஒரு தொடருக்கு 15 நாள், நாளுக்கு ஒரு மோதல். எட்டு வென்றால் தரவரிசையில் ஏற்றம். ஏழோடு நின்றால் இறக்கம். எனவே எட்டாவது வெற்றி, சாதாரண வெற்றியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு இடங்களை ஏற்றித் தருகிறது. இரண்டாம் பிரிவின் அடியில் ஒட்டிக்கொண்டிருப்பவரின் நிலை இன்னும் மோசம். அங்கே இருக்கும்வரை மாதம் சுமார் பத்து லட்சம் யென் சம்பளம். ஒரு பிரிவு கீழே போனால் சம்பளமே கிடையாது. மார்க் டக்கன், ஸ்டீவன் லெவிட் என்ற இரு பொருளியலாளர்கள் 1989 முதல் 2000 வரையிலான மோதல்களை அலசி 2002-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடைசி நாளில் 7-7 என்று தவிப்பவர், 8-6 என்று ஏற்கெனவே கரையேறிவிட்டவரைச் சந்தித்தால், பழைய திறமைக் கணக்குப்படி பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் வெல்ல வேண்டும். அப்படித் தவித்தவர்கள் வென்றதோ ஏறக்குறைய 80 சதவீதம்.

சம்பளம் போகிறது என்றால் யாரும் உயிரைக் கொடுத்துத்தானே மோதுவார்கள், இதில் சூது எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அதே இருவரும் அடுத்த முறை மோதும்போது, முன்பு தப்பித்தவர் சுமார் 40 சதவீதமே வெல்கிறார். அதற்கும் அடுத்த முறை எல்லாம் பழையபடி சமமாகிவிடுகிறது. கல்யாண வீட்டு மொய்யைப்போல, வாங்கிய வெற்றியைத் திருப்பிச் செய்திருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: ஊடகங்களில் புகார் கிளம்பிய காலங்களில் இந்த விநோதம் மறைந்துபோகிறது. நிஜமான வேகம் என்றால் செய்தித்தாளைக் கண்டு அது ஏன் அடங்க வேண்டும்? 2011-இல் எண்களுக்கு எழுத்திலேயே ஆதாரம் கிடைத்தது. பேஸ்பால் பந்தய விசாரணைக்காகப் போலீஸ் கைப்பற்றிய கைபேசிகளில், யார் யாரிடம் எப்படி விழுவது என்று வீரர்கள் பேசிவைத்த குறுஞ்செய்திகள் இருந்தன. பணமும் பேசப்பட்டது, ஆனால் அது வீரருக்கும் வீரருக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல். அந்த மார்ச் மாத ஒசாகா தொடர் ரத்தானது. 1946-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. பந்தயத்தைத் துரத்திப் போனவர்கள் பந்தயமே இல்லாத பிக்சிங்கில் போய் முட்டிக்கொண்டது எனக்கு இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

பேராசைதான் காரணம் என்ற வாதமும் நிற்காது. 2012 லண்டன் ஒலிம்பிக் மகளிர் இரட்டையர் பேட்மிண்டனில் நான்கு ஜோடிகள், எட்டு வீராங்கனைகள் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். உலக சாம்பியன்களான சீனாவின் வாங் சியாவோலி, யூ யாங் ஜோடி வேண்டுமென்றே சர்வீசை வலையில் அடித்தது. எதிரில் நின்ற கொரிய ஜோடியும் ஜெயிக்க அவசரப்படவில்லை. யாரும் யாருக்கும் காசு கொடுக்கவில்லை. குழுவில் தோற்றால் சீன ஜோடி தன் நாட்டின் இன்னொரு ஜோடியை இறுதிப் போட்டிவரை சந்திக்காமல் தப்பலாம் என்பதுதான் கணக்கு. பதக்கத்துக்காகத் தோற்றவர்களைப் பணத்தாசைக்காரர்கள் என்று எப்படிச் சொல்வது? தண்டனைக்குப் பிறகு சர்வதேச சம்மேளனம், குழுச் சுற்று முடிந்ததும் இரண்டாமிடக்காரர்களுக்கு மறுபடி குலுக்கல் என்று விதியை மாற்றியது. குற்றத்தில் அட்டவணைக்கும் பங்குண்டு என்பதை அது வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, கெட்ட வீரர்களைக் களைந்தால் போதாதா? 1993-இல் மிலான் அணியுடனான ஐரோப்பிய இறுதிப் போட்டிக்கு ஆறு நாள் முன்பு நடந்த ஆட்டத்தில் காயமில்லாமல் ஓர் எளிய வெற்றி வேண்டும் என்று, பிரான்சின் மார்செய் கால்பந்து அணி வாலன்சியென் வீரர்களை அணுகியது. தூது போனவர் அவர்களுடைய பழைய சக வீரர். மார்செய் கிளப் முதலாளியின் விருப்பம், பழைய சிநேகம் இரண்டும் சேர்ந்து வந்தால் மறுப்பது எளிதல்ல. மறுத்துப் புகார் சொன்ன வாலன்சியென் வீரர் ஜாக் கிளாஸ்மனை மைதானங்களில் ரசிகர்களே கூச்சலிட்டு அவமதித்தார்கள். நல்லவரைக் கூட்டமே தண்டிக்கும் இடத்தில் தனிமனித ஒழுக்கத்தை மட்டும் நம்புவது அப்பாவித்தனம்.

இதெல்லாம் பிக்சிங் அல்ல, தந்திரம் என்பது கடைசி ஆட்சேபம். அதற்கு அல்ஜீரியா பதில் சொல்லட்டும். 1982 கால்பந்து உலகக் கோப்பையில் அந்த அணி மேற்கு ஜெர்மனியையே 2-1 என்று வென்று, தன் ஆட்டங்களை முடித்துவிட்டுக் காத்திருந்தது. மறுநாள் கிகோன் நகரில், மேற்கு ஜெர்மனி ஒன்றிரண்டு கோல் வித்தியாசத்தில் வென்றால் அதுவும் ஆஸ்திரியாவும் சேர்ந்தே முன்னேறலாம் என்ற நிலை. பத்தாவது நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் கோல் அடித்தார். மீதி நேரம் பந்தை இங்குமங்கும் உருட்டிக் கழித்தார்கள். முன்கூட்டிப் பேசிக்கொண்டதாக யாரும் நிரூபிக்கவில்லை. அல்ஜீரியாவின் முறையீடும் தள்ளுபடியானது. பேசத் தேவையே இல்லாதபடி கணக்கு இரண்டு பக்கமும் தெரிந்திருந்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது. பேச்சே இல்லாத உடன்பாட்டை எந்தப் பந்தயச் சட்டம் பிடிக்கும்? 1986 முதல், ஒவ்வொரு குழுவின் கடைசி இரு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் தொடங்க வைத்தார்கள்.

பந்தயப் பணம் ஆட்டங்களைக் கெடுக்கவில்லை என்று நான் சொல்லவரவில்லை. அது பல வாடிக்கையாளர்களில் ஒருவர். வெளியாள் என்பதால் பிடிக்கவும் பழிக்கவும் வசதியானவர். விளையாட்டுச் சங்கங்களுக்கு அந்த வசதி பிடித்திருக்கிறது. 2026 உலகக் கோப்பைக்கு மூன்று அணிகள் கொண்ட 16 குழுக்கள் என்று முதலில் தீர்மானித்த ஃபிஃபா, 2023-இல் நான்கு அணிகள் கொண்ட 12 குழுக்களுக்கு மாறியது. ஆனால் மூன்றாமிடம் பிடிக்கும் அணிகளிலும் எட்டு முன்னேறும் என்று வைத்திருக்கிறது. கடைசியாக ஆடும் குழுக்களுக்கு மற்றக் குழுக்களின் முடிவு முன்பே தெரிந்திருக்கும். எத்தனை கோலில் நிறுத்திக்கொண்டால் இரு அணிக்கும் போதும் என்பதைச் சொல்லித்தர அங்கே எந்தப் புக்கியும் தேவைப்படமாட்டார்.