கல்லில் ஏறாத பெயர்கள்

காவிரிக் கடைமடையில் பண்ணையாட்களாய் உழன்றும் வயிறு நிறையாத தமிழர், கங்காணியின் சொல்லை நம்பி நாகைத் துறையிற் கப்பலேறி, மலையாவின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். ஏற்றும்பொழுது பெயரும் ஊரும் கேட்டு எழுதிக்கொண்டனர். கூலிக்குரிய கைகள் அல்லவா! அவர்கள் மாண்டபொழுது எழுதிக்கொள்வார் ஒருவரும் இலர்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலையா சப்பானியர் வயப்பட்டது. இரப்பர் விலைபோகவில்லை, தோட்டங்களிற் கூலியும் அரிசியும் அருகின. சயாமையும் பருமாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் தொடர்வண்டிப் பாதைக்குச் சப்பானியப் படை ஆள் தேடியது. சில திங்கள் வேலை, நல்ல கூலி என்னும் ஆசைமொழிக்குச் சிலர் இணங்கினர். பலர் வழியிலேயே மடக்கிப் பிடிக்கப்பட்டனர். சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் காட்டில் இறக்கினர். ஒழுகும் மூங்கிற் கொட்டில், அரைவயிற்றுச் சோறு, ஓயாத அடி, அதன்மேல் வாந்திகழிச்சல். ஒரே கொட்டிலில் நோயுற்றாரும் பிணமும் அருகருகே கிடந்தனர். 1943 அக்டோபர் 17இல் இருபுறத்துத் தண்டவாளங்களும் இணைந்தன. அங்கு உழைத்த ஆசியத் தொழிலாளர் 1,80,000க்கும் மேற்பட்டோர். மாண்டோர் ஏறத்தாழ 90,000 என மதிப்பிடுவர். அவருள் தமிழர் எத்துணையர் என்பதற்கு உறுதியான கணக்கில்லை.

அதே பாதையில் உழைத்து மடிந்த வெள்ளைப் போர்ச்சிறையாளர் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்தம் துயரும் துயரே. எனினும், அவர்களிடையே மருத்துவர் இருந்தனர்; இறந்தாரைக் குறித்து வைக்கப் படைத்தலைவர் இருந்தனர். காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 பேர் கல்லின்கீழ்த் துயில்கின்றனர். தமிழனோ குழியிற் கும்பலாய்த் தள்ளப்பட்டான். 1990இல் அவ்வூர்க் கரும்புக் கொல்லையில் அத்தகைய எலும்புக் குவியலொன்று வெளிப்பட்டது.

அதே போர்க்காலத்தில் ஐரோப்பாவில் யூதரை நாசிகள் வேலைமுகாம்களில் உழைக்கவைத்தே கொன்றனர். ஓர் இனத்தையே வேரறுக்கும் நோக்கம் அது. சயாமில் நடந்ததோ மாந்தரை மண்வெட்டியாய்க் கருதிய கொடுமை. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் உயிர்தப்பிய யூதர் வாளாவிருந்தாரில்லை. எருசலேமில் 1953இல் நிறுவப்பெற்ற யாத் வசேம், இறந்தார் ஒருவர்க்கு ஓர் ஏடென, உற்றாரிடம் கேட்டுக்கேட்டுப் பெயர்களைத் திரட்டியது.

வீழ்ந்த மறவனின் பெயரையும் பீடையும் கல்லிற் பொறித்த மரபு நம்முடையது. 2023இல் காஞ்சனபுரியில் தமிழர்க்கும் ஒரு நடுகல் எழுந்தது. அதனை எழுப்பியோர் போற்றத்தக்கோர். அதன்கண் பொறிக்கும் பெயர்களைத் திரட்டித் தருவது யார்?

"தாத்தா மலையாவுக்குப் போனார், திரும்பவில்லை" என்று சொல்லும் வீடுகள் தஞ்சை, நாகை, திருவாரூர் வட்டாரங்களில் இன்றும் உள. போனவர் பெயர், தந்தை பெயர், ஊர், தோட்டத்தின் பெயர் ஆகிய நான்கினை அவ்வீட்டாரிடம் கேட்டெழுதுதல் அரும்பணியா? தமிழுக்கெனவே 1981இல் எழுந்த பல்கலைக்கழகம் தஞ்சையிலேயே உள்ளது. அஃது இன்றே இதனைத் தொடங்குதல் வேண்டும். காட்டினின்று மீண்டாரின் மக்களே இன்று முதியோராய்விட்டனர்.