படகு யந்திரமும் பராமரிப்பும்

பொதிகையில் பிறந்து நெல்லைச் சீமையை வளப்படுத்திவரும் தாமிரபரணி சமுத்திரத்தில் கலக்கின்ற புன்னைக்காயலிலும், தெற்கே உவரி முதலான கரையூர்களிலும், படகுக்காரரின் ஜீவனம் பாய்மரத்தை விட்டு யந்திரத்தை நம்பி நிற்கும் காலமாகிவிட்டபடியால், அந்த யந்திரத்தைப் பேணும் வித்தையை வலை பின்னும் வித்தைக்குச் சமமாக மதித்தல் வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 1897-ல் ருடால்ப் டீசல் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இந்த எஞ்சினுக்கு மின்பொறி வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றின் உஷ்ணமே எண்ணெயைப் பற்றவைத்துவிடும். ஆனால், தொட்டியின் அடியில் தங்கிய நீரை வடிக்காமல் விட்டாலோ, வடிகட்டியை மாற்றியபின் டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல் போனாலோ, எத்தனை பலமுள்ள எஞ்சினும் நடுக்கடலில் நின்றுவிடும். அங்கே உதவிக்கு மெக்கானிக் எவர் வருவார்? கடல்நீரால் குளிரும் எஞ்சினாயின், முகத்துவாரத்து மணல் பம்பின் ரப்பர் இறக்கைகளைத் தேய்த்துவிடுமாகையால், வெளியே பாயும் நீர் குறைந்திருக்கிறதா என்று புறப்படும்போதே கவனிப்பது அவசியம். வைத்தியனுக்கு நாடி எப்படியோ அப்படியே படகுக்காரனுக்குப் புகை: கருமை மிகுந்த பாரத்தையோ காற்றுக் குறைவையோ, நீலம் மசகெண்ணெய் எரிவதையோ, வெண்மை எரியாத டீசலையோ உள்ளே கசியும் நீரையோ பெரும்பாலும் உணர்த்தும். மீனவரின் டீசலுக்கு வரிவிலக்களித்து உபகாரம் செய்யும் அரசாங்கம், இக்கரையோரத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தச் சூட்சுமங்களை மாலை வகுப்பாகவேனும் மீனவ வாலிபர்க்குப் போதிக்க ஏற்பாடு செய்யவேண்டும்.